முதுகில் குழி விழுந்த அயர்ன்

போன வாரம் மாலை டீ நேரத்தில் எதிர்வீட்டு நண்பர் வந்தார். பணி ஓய்வு பெற்ற கையோடு கோல்ஃப் ஆடத் தொடங்கியவர். எட்டு மாதம் ஆகிறது. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். உலோகத் தலை வைத்த கோல்ஃப் மட்டைகள், புத்தம்புது அயர்ன் செட் ஒன்றின் படம். "சார், இந்த செட்ல ஏழாம் நம்பர் பதினஞ்சு கெஜம் கூடப் போகுமாம். வாங்கிடலாமா?" விலையைப் பார்த்தேன். அந்தப் பணத்துக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம்.

"முதல்ல உங்க பழைய ஏழாம் நம்பரை எடுத்துட்டு வாங்க," என்றேன்.

எடுத்து வந்தார். அவருடைய மாமனார் ஆடிய செட் அது. மெல்லிய தலை, வழவழவென்ற முதுகு, பார்க்க நகை மாதிரி இருக்கும். முகப்பை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடம் தேய்ந்து மங்கியிருந்தது. அது மாமனார் பல வருடம் அடித்த அடி. அதைச் சுற்றி, அன்று காலைப் பயிற்சியில் பதிந்த மண் தடங்கள்: நுனிப் பக்கம் மூன்று, கழுத்தை ஒட்டி ஒன்று, அடி விளிம்பில் நாலைந்து. நாணயத்துக்குள் விழுந்தது ஒன்றே ஒன்று.

நண்பர் முகம் வாடிவிட்டது. வாட வேண்டியதே இல்லை. பார் 72 உள்ள மைதானத்தில் 105, 110 அடி எடுப்பவர் எல்லோருடைய அயர்னும் இப்படித்தான் இருக்கும். 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறை 54 வரை ஹேண்டிகேப், அதாவது சலுகை அடி, தருகிறது. நண்பருடையது முப்பதை ஒட்டி. அவர் ஆட்டத்துக்குள் முறையாக இடம் உள்ளவர். அவருக்கு ஏற்ற கருவி எது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை அந்த மண் தடங்களிலேயே இருக்கிறது. நடுவில் பட்டால் எந்த அயர்னும் நன்றாகத்தான் அடிக்கும். நடுவில் படாத அந்த எட்டு, ஒன்பது பந்துகளை எது ஓரளவு ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று பார்த்து வாங்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு காவடித் தடியை நினைத்துக்கொள்ளுங்கள். தடியின் இரண்டு முனையிலும் தண்ணீர்க் குடம் தொங்குகிறது. தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்ப முடியுமா? முடியாது, பாரம் ஓரத்தில் இருப்பதால் தடி திரும்ப மறுக்கும். அதே இரண்டு குடத்தையும் தோளுக்குப் பக்கத்திலேயே கட்டிவிட்டால் எளிதாகத் திரும்பிவிடலாம். மாமனாரின் அயர்ன் இரண்டாவது வகை. எடை முழுவதும் முகப்பின் நடுவுக்குப் பின்னால் திரண்டிருக்கிறது. பந்து நுனியில் பட்டால் தலை சுழன்றுவிடும். பந்து திசையும் மாறும், தூரமும் போகாது. முதுகைக் குடைந்து, அந்த உலோகத்தை நுனிக்கும் கழுத்தை ஒட்டிய குதிகாலுக்கும் அடி விளிம்புக்கும் நகர்த்திவிட்டால் அது முதல் வகை. ஓரத்தில் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. கடையில் கேவிட்டி பேக் என்பது இதைத்தான். முதுகில் குழி உள்ள அயர்ன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் போனவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளர் வேலை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகே கோல்ஃப் பழகினார். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் கைக்கு அடங்கவில்லை. 1959-இல் கலிஃபோர்னியாவில் தன் வீட்டு கராஜில் எடையை இரு ஓரங்களுக்கும் ஒதுக்கி ஒரு பட்டர் செய்தார். பந்தைத் தொட்டதும் 'பிங்' என்று ஓசை எழுந்தது. அதுவே நிறுவனத்தின் பெயராயிற்று. அதே கணக்கை அயர்னுக்கும் கொண்டுபோனார். 1982-இல் வந்த பிங் ஐ2 உலகில் மிக அதிகம் விற்ற அயர்ன்களில் ஒன்று. அதாவது நண்பருக்கு இன்று தேவைப்படும் உதவியில் பெரும்பகுதி நாற்பது வருடத்துக்கு முன்பே உலோகத்துக்குள் ஏறிவிட்டது. பழைய செட் வாங்கத் தயங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் குழியை எப்படிச் செய்கிறார்கள் என்பது நமக்கு நெருக்கமான விஷயம். சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் பிடித்து, மேலே மண் பூசி, சூடு காட்டி மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகம் வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். வார்ப்பு அயர்னும் அதே முறைதான். மண்ணுக்குப் பதில் பீங்கான் குழம்பு. பஞ்சலோகத்துக்குப் பதில் எஃகு. எந்த வளைவையும் குழியையும் மெழுகில் பிடித்துவிடலாம் என்பதால் எடையை வேண்டிய இடத்துக்கு நகர்த்த இந்த முறை கைகொடுத்தது. செலவும் குறைவு. "ஃபோர்ஜ்டு" என்று முத்திரை குத்திய அயர்ன், அதாவது அடித்து உருவாக்கியது, கைக்கு மென்மையாக இருக்கும் என்பார்கள். அந்த வித்தியாசம் நடுவில் அடிக்கும்போதுதான் தெரியும். இப்போதைக்கு அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இனி அந்தப் பதினைந்து கெஜம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரங்கள் இதை வைத்துத்தான் விற்கின்றன. அயர்ன் முகப்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை லாஃப்ட் என்கிறோம். சாய்வு குறைந்தால் பந்து தாழ்வாக, தூரமாகப் போகும். அந்தக் காலத்து ஏழாம் நம்பர் சுமார் 35, 36 டிகிரி. இன்று புதியவர்களுக்காகச் செய்யும் பல செட்களில் அது 28லிருந்து 30 வரைதான். 28 டிகிரி என்பது அன்றைய ஐந்தாம் நம்பரின் சாய்வு. அடியில் செதுக்கிய எண் மாறியிருக்கிறது, தூரம் கூடியதில் பெரும்பங்கு அதனால். எடை கீழே இறங்கியிருப்பதால் குறைந்த சாய்விலும் பந்து உயரும் என்பது உண்மை. முகப்பு மெல்லிதாகிப் பந்து வேகம் கூடியிருப்பதும் உண்மை. ஆனால் ஏழாம் நம்பர் 140 கெஜம் போனால் என்ன, 125 போனால் என்ன? 140 கெஜத்துக்கு ஆறாம் நம்பரை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பதினைந்து கெஜத்துக்காக ஒரு ஸ்கூட்டர் விலை கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.

இதில் இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது. எல்லா எண்ணிலும் சாய்வு குறைந்ததால், ஒன்பதாம் நம்பருக்கு அடுத்த பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரிக்கு வந்துவிட்டது. மணல் குழிக்கான சாண்ட் வெட்ஜ் பழையபடி 56-லேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே 12, 13 டிகிரி பள்ளம். 80, 90 கெஜத்தில் நிற்கும்போது எதை எடுப்பது என்று தெரியாது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 49, 50 டிகிரியில் ஒரு வெட்ஜ் தனியாக வாங்க வேண்டிவரும். ஆகவே எந்த செட்டைப் பார்த்தாலும் முதலில் பிட்சிங் வெட்ஜின் லாஃப்டைக் கேளுங்கள்.

அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். இதை சோல் என்கிறோம். மாமனாரின் அயர்னில் அது விரல் அகலம்கூட இல்லை. நம்மைப் போன்றவர்கள் அதிகம் செய்யும் பிழை, பந்தைத் தொடுவதற்கு முன்பே தரையில் அடித்துவிடுவது. மெல்லிய விளிம்பு மண்வெட்டி போல உள்ளே இறங்கிவிடும். அகலமான சோல் தரையில் வழுக்கிக்கொண்டு போகும், பந்தும் ஓரளவு போய்ச் சேரும். ஆனால் எல்லாவற்றையும்விட அகலமானது வேண்டாம். சென்னையில் சித்திரை, வைகாசியில் புல் கருகித் தரை கட்டாந்தரையாகும்போது, மிக அகலமான சோல் தரையில் பட்டுத் துள்ளிப் பந்தின் நடுவயிற்றில் அடிக்கும். மலை மைதானங்களின் ஈரப் புல்லில் அந்தக் கவலை குறைவு. எங்கே அதிகம் ஆடுகிறீர்களோ அந்தத் தரையை மனதில் வைத்து, நடுத்தர அகலத்தில் எடுங்கள்.

தலை, தண்டுக்குச் சற்றுப் பின்னால் ஒதுங்கியிருப்பது ஆஃப்செட். வலக்கை ஆட்டக்காரர்களில் பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுபவர்களுக்கு அது உதவும். இடப்பக்கம் ஓடினால் அதிக ஆஃப்செட் வேண்டாம்.

தண்டு விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். ஸ்டிஃப் என்று எழுதியிருந்தால் அது நல்ல ஆட்டக்காரருக்கானது, அதனால் உயர்ந்தது என்ற எண்ணம். அது வேகத்துக்கான அளவு, அவ்வளவுதான். நண்பருடைய வேகத்துக்கு ரெகுலர் போதும். சுழற்சி இன்னும் நிதானமானால் சீனியர். எஃகுத் தண்டில் 130 கிராம் கனமும் உண்டு, 95 கிராமும் உண்டு; கிராஃபைட் 60, 70 கிராமில் கிடைக்கும். முழங்கை, மணிக்கட்டில் வலி இருப்பவர்கள் கிராஃபைட் எடுப்பது நல்லது. எஃகை விட விலை கூடுதல், ஆனால் வலியில்லாமல் ஆட முடிந்தால் அந்தப் பணம் வீணில்லை.

உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தில் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். கோடு முகப்பைப் பார்த்தபடி, செங்குத்தாக நிற்கும்படி பந்தை வைத்து அடியுங்கள். முகப்பில் அந்தக் கோடு அச்சாகும். பள்ளக்கோடுகளுக்கு நேர்குறுக்காக விழுந்தால் பொருத்தம். கோட்டின் தலை நுனிப் பக்கம் சாய்ந்தால் கிளப் அதிகம் நிமிர்ந்திருக்கிறது. வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். குதிகால் பக்கம் சாய்ந்தால் அதற்கு நேர்மாறு. ஒன்றிரண்டு டிகிரி என்றால் கடையில் வளைத்துத் தருவார்கள். வார்ப்பு எஃகு சற்று முரண்டு பிடிக்கும் என்பதால் வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பிங் அயர்ன்களில் இதற்காகவே ஒரு நிறப் பொட்டு இருக்கும்: கறுப்பு என்றால் பொதுவான அளவு, சிவப்பு சற்றுப் படிந்தது, நீலம் சற்று நிமிர்ந்தது.

முழு செட் தேவையா? 14 கிளப்புக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் விதி. குறைவாக வைத்துக்கொள்ளத் தடை இல்லை. மூன்றாம், நான்காம் அயர்ன் நமக்கு வேண்டவே வேண்டாம். அவற்றுக்குப் பதில், அயர்னும் வுட்டும் கலந்த ஒரு ஹைப்ரிட். ஆறிலிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை ஐந்து அயர்ன், ஒரு சாண்ட் வெட்ஜ் இருந்தால் இரண்டு வருடம் தாராளமாக ஓடும். புதிதாகத்தான் வேண்டும் என்றால் டெகாத்லானின் இனேசிஸ் வகையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பழையது என்றால் பிங் ஜி10லிருந்து ஜி25 வரை எது கிடைத்தாலும் சரி. காலவே எக்ஸ்-20, எக்ஸ்-22, வில்சன் டி7 ஆகியவையும் நம்பி எடுக்கலாம். எந்த உறுப்பினர் எந்த செட்டை விற்கப்போகிறார் என்பது மைதானத்தில் பை தூக்கும் கேடிகளுக்குத்தான் முதலில் தெரியும். அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

பழையது வாங்கும்போது நான் பட்ட பாடு ஒன்று உண்டு. வெகுநாள் முன்பு ஒரு கடையில் ஒரு செட் வாங்கினேன். என் எட்டாம் நம்பர் ஏழாம் நம்பரைவிடத் தூரம் போனது. என் சுழற்சியில்தான் கோளாறு என்று மாதக்கணக்கில் வருந்தினேன். ஒருநாள் எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைத்தேன். எட்டு, ஏழைவிட நீளம். யாரோ எப்போதோ தண்டை மாற்றியிருக்கிறார்கள்; விற்றவர் சொல்லவில்லை. அடுத்தடுத்த எண்ணுக்கு அரை அங்குலம் குறைந்துகொண்டே வர வேண்டும். அன்றிலிருந்து எந்த செட்டையும் சுவரோடு நிற்கவைத்து அந்தப் படிக்கட்டைப் பார்க்காமல் நான் பணம் கொடுப்பதில்லை.

மற்றவையும் பார்க்க வேண்டும். எட்டு, ஒன்பது, பிட்சிங் வெட்ஜ் மூன்றிலும் பள்ளக்கோட்டை நகத்தால் வருடுங்கள். நகம் மாட்ட வேண்டும். நம் ஊர் கடற்காற்றில் எஃகுத் தண்டு கிரிப்புக்குக் கீழே துருப்பிடிக்கும். மேல்துரு துடைத்தால் போய்விடும், குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். தலையும் தண்டும் சேரும் கழுத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கலகலக்கக் கூடாது. பையில் உரசிய கீறல் எதையும் கெடுக்காது, விலையைக் குறைக்கக் கேட்க உதவும். பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது செட் பாதி விலைக்கு என்று யாராவது சொன்னால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். கழுத்தில் உள்ள வரிசை எண்ணையும் எழுத்தின் நேர்த்தியையும் பார்க்காமல் தொட வேண்டாம்.

டீ இரண்டாம் முறை வந்தது. மறுநாள் காலை மூன்று ஏழாம் நம்பர்களோடு பயிற்சித் திடலுக்குப் போனோம்: மாமனாருடையது, தெரிந்தவர் விற்க வைத்திருந்த பிங் ஜி15 செட்டில் ஒன்று, கடையில் சோதிக்கத் தந்த புத்தம்புது அயர்ன் ஒன்று. ஒவ்வொன்றிலும் இருபது பந்து. எது அதிக தூரம் போனது என்று பார்க்காமல், இருபதில் மிகக் குறைவாகப் போன ஐந்து பந்துகள் எங்கே விழுந்தன என்று மட்டும் குறித்துக்கொண்டோம். புதியதிலும் ஜி15-இலும் அந்த ஐந்து ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தூரம் குறைந்தன. மாமனாருடையதில் இரண்டு பந்து அறுபது கெஜத்தைத் தாண்டவில்லை.

நண்பர் ஜி15 செட்டை எடுத்துக்கொண்டார். தண்டு நன்றாக இருக்கிறது. ரப்பர் கிரிப் மட்டும் காய்ந்து வழுக்குகிறது. சனிக்கிழமை ஆறு கிரிப் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். டேப்பும் பெட்ரோலும் என்னிடம் இருக்கின்றன, மொட்டைமாடியில் உட்கார்ந்து மாற்றிவிடலாம்.