கணக்கேட்டின் சாவி யாரிடம்?
திறமூல மென்பொருளும் வணிக மென்பொருளும் பற்றிச் சில எண்ணங்கள்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர், மூக்கண்டப்பள்ளி)

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நிலை அதன் கணக்கேடு ஆகும். பங்குத்தொகை எவ்வளவு, கடன் நிலுவை எவ்வளவு, நூல் இருப்பு எவ்வளவு, உர மூட்டை எத்தனை விற்றது என்பனவற்றைத் தலைவர் முதல் கடைசி அங்கத்தினர் வரை அனைவரும் கேட்டறியலாம். ஏடு காகிதமாக இருந்த காலத்தில், அலமாரியின் சாவி யாரிடம் உள்ளது என்பதே தணிக்கையாளர் கேட்கும் முதற் கேள்வியாக இருந்தது. இன்று நாள்வழியும் பேரேடும் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டன. அக்கேள்வியோ பழையதாகிவிடவில்லை, முன்னினும் கூர்மை பெற்றுள்ளது.

இதனை இப்போது எழுத ஓர் உடனடிக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. நம் சங்கங்களில் உள்ள பழைய கணிப்பொறிகள் பல, அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி அற்றவை. ஆதலின் புதிய பொறி வாங்குவதா, பழைய பொறியில் வேறு இயங்குதளம் இடுவதா என்னும் பேச்சு நிர்வாகக் குழுக்களில் எழுந்துள்ளது. இப்பேச்சில் அங்கத்தினர்களும் கலந்துகொள்ள வேண்டும். செலவாவது அவர்கள் பணம் அன்றோ?

மென்பொருள் என்பது யாது?

நெசவாளர்க்கு இதனை விளக்குவது எளிது. 1804-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு லியோன் நகரில் ஜக்கார்டு என்பார், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு நூலைத் தூக்கும் பொறியை அமைத்தார். அட்டையை மாற்றினால் பூ மாறும், தறி மாறுவதில்லை. அவ்வட்டைகளின் கருத்தையே பின்னர் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் பொறிக்கு எடுத்துக்கொண்டார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் துளையட்டைகளே பயன்பட்டன. தறி எவ்வாறோ அவ்வாறே கணிப்பொறி. அட்டை எவ்வாறோ அவ்வாறே மென்பொருள். கணிப்பொறிக் கலையின் முன்னோருள் நெசவாளரும் ஒருவர் என்று நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம்.

இனி, ஒருவர் உமக்கு அட்டைக் கட்டை விலைக்குத் தருகிறார் எனக் கொள்வோம். ஆனால் அதனைப் பெட்டிக்குள் வைத்து முத்திரையிட்டுத் தருகிறார். பிரித்துப் பார்க்கலாகாது, பூவின் ஓரத்தில் ஓர் இழை பிசகியிருந்தாலும் திருத்தலாகாது, பக்கத்து வீட்டுத் தறிக்கு இரவல் தரலாகாது, ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும். பெரும்பாலான வணிக மென்பொருளின் உரிமம் இத்தகையது. மற்றொருவர் அட்டையோடு அது வெட்டப்பட்ட வரைபடத்தையும் தருகிறார். பயன்படுத்துக, ஆராய்க, திருத்துக, திருத்தியதைப் பிறர்க்கும் கொடுக்க என்கிறார். இது திறமூல மென்பொருள். வரைபடம் என நாம் சொல்வதையே அத்துறையினர் மூலநிரல் என்பர்.

பயிரிடுவோர்க்கு வேறோர் உவமை கூறலாம். வீரிய ஒட்டு விதையைப் பருவந்தோறும் கடையில் வாங்க வேண்டும். நாட்டு விதையைக் களத்தில் எடுத்துவைத்து அண்டை நிலத்தாருக்கும் அளக்கலாம். ஒட்டு விதைக்கு விளைச்சல் மிகுதி என்பதையும் மறைத்தல் ஆகாது. இரண்டிற்கும் இடமுண்டு, எது எங்கே என்பதே கேள்வி.

இவ்வியக்கம் வளர்ந்த வரலாறு

1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்க அறிஞர், யாவரும் பகிர்ந்துகொள்ளத்தக்க இயங்குதளம் ஒன்றை ஆக்கும் முயற்சியை அறிவித்தார். 1989-இல் அதற்கென ஓர் உரிமப் பத்திரமும் வெளிவந்தது. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருவை இணையத்தில் வெளியிட்டார். உலகெங்கிலும் ஆயிரக்கணக்கானோர் தத்தம் வீட்டிலிருந்தே அதனைச் செப்பம் செய்தனர். இன்று அங்கத்தினர் பலர் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் இயங்குவதும் அந்த லினக்ஸே.

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர் கூடிக் கடை திறந்தபோது, ஏழைகளால் வாணிபம் நடத்த இயலுமா என்று நகைத்தவர் உண்டு. சம்பளமின்றி எழுதிய மென்பொருள் நிலைக்குமா என்று கேட்டவரும் அத்தகையோரே. இரண்டு நகைப்பிற்கும் காலம் விடை கூறிவிட்டது.

தமிழ்நாட்டின் அனுபவம்

நம் மாநிலத்திற்கு இத்துறை புதிதன்று. 2006-ஆம் ஆண்டிற்குப்பின் எல்காட் நிறுவனம், அப்போதைய நிர்வாக இயக்குநர் சி. உமாசங்கர் அவர்களின் முயற்சியால், தன் அலுவலகக் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2007-இல் சென்னை சி-டாக் நிறுவனம் பாரத இயங்குதளமாகிய ‘பாஸ்’ என்பதை வெளியிட்டது. இந்திய மொழிகள் பலவற்றில் அது இயங்குவது. 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது, அரசு அலுவலகங்கள் பாஸ் இயங்குதளத்தை நிறுவலாம் எனத் தமிழக அரசு அறிவுறுத்தியது. 2015-இல் ஒன்றிய அரசும் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது.

எனினும் அறிவுறுத்தல் வேறு; பழக்கம் வேறு. பக்கத்து மாநிலமாகிய கேரளத்தைப் பாருங்கள். அங்குப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைப் புகுத்தியவர்கள் முதலில் ஆசிரியர்களைப் பழக்கினார்கள். பாடநூலையும் அதற்கேற்ப எழுதினார்கள். 2019-ஆம் ஆண்டளவில் 2 லட்சத்திற்கு மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகள் அங்கு அம்முறையில் இயங்கின. குறுந்தகட்டைக் கொடுத்துவிட்டு, பழகிக்கொள்க என்றிருந்தால் இது நடந்திராது. பயிற்சியே முதல் தவணை. மென்பொருள் இரண்டாவது தவணை.

எழுத்துருவின் கதையும் நமக்குப் பாடம். முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியீட்டில் தமிழ் எழுத்துருக்களை விற்றது. ஓரிடத்தில் தட்டச்சிட்ட தீர்மானம் மற்றோரிடத்தில் புரியாத குறிகளாகத் தோன்றும். 1999-இல் விசைப்பலகைக்குத் ‘தமிழ் 99’ என்னும் பொதுமுறை ஏற்பட்டது. 2010-இல் ஒருங்குறியைத் தமிழக அரசு ஏற்றது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் ஒலிக்கும் மூக்கண்டப்பள்ளியில் இதன் அருமை நன்கு விளங்கும். ஒரே பொறியில் மூன்று மொழிக்காரர்க்கும் அவரவர் எழுத்தில் பற்றுச்சீட்டு அடிக்க முடிவது, பொதுத்தரம் ஒன்றை எல்லோரும் ஒப்பியதன் பயனே.

வணிக மென்பொருளின் நியாயம்

மறுபக்கத்தையும் நேர்மையுடன் கூற வேண்டும். 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், வரி விதி மாறுந்தோறும் கணக்கு மென்பொருளும் மாற வேண்டியுள்ளது. கட்டணம் பெறும் நிறுவனம் அதனைத் தன் கடமையாகச் செய்கிறது. தொலைபேசியில் கேட்டால் பதில் சொல்லவும் ஆள் வைத்திருக்கிறது. 1986-இல் பெங்களூரில் தோன்றிய டேலி, 1996-இல் தொடங்கிப் பின்னர்த் தென்காசிச் சீமைக்கும் வேலை கொண்டுசென்ற ஜோஹோ ஆகியவை நம்மவர் நடத்தும் வணிக நிறுவனங்களே. ஆதலின் வணிகம் என்றால் அந்நியம், திறமூலம் என்றால் சுதேசி எனக் கோடு கிழித்தல் பொருந்தாது. திறமூலத்திலும் மும்பையில் ஆக்கப்பட்ட ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் போன்ற கணக்கு மென்பொருள்கள் உள்ளன. அவற்றை நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும், அவருக்குக் கூலியும் வேண்டும். விலையில்லை என்பதால் செலவில்லை என்று எண்ணுதல் தவறு.

பழைய அச்சுப்பொறி, கைரேகைக் கருவி, மின்னணுக் கையொப்பச் சாவி ஆகியவை லினக்ஸில் இயங்குமா என்பதைச் சோதித்த பின்னரே மாற வேண்டும். சோதியாது மாறிய அலுவலகம் மறுவாரமே பழைய வழிக்குத் திரும்பும்.

ஆயினும் பூட்டிய பெட்டியின் ஆபத்தை ஒரு செய்தி நன்கு காட்டும். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடையை அடுத்து, குஜராத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா நிறுவனத்திற்கு மைக்ரோசாப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. உரிமத்திற்கு முழுப்பணம் செலுத்தியிருந்தும் தன் தரவுகளையே அணுக இயலவில்லை என்று நயாரா டில்லி உயர் நீதிமன்றத்தில் முறையிட்டது. சில நாட்களில் சேவை மீண்டது. பேராலைக்கே இந்நிலை எனில் சிறு சங்கம் எம்மாத்திரம்?

என் ஆய்வுப் பணியில் கண்ட ஒரு சங்கத்தில், மென்பொருள் விற்றவர் தொழிலை விட்டுச் சென்றுவிட்டார். பொறி நன்றாகவே ஓடியது. கணக்கைத் திறக்கும் ஆண்டு அனுமதி எண்ணைத் தருவோர் இல்லை. எழுத்தர் இருவர் பழைய பற்றுச்சீட்டுக் கட்டுகளைப் பிரித்து ஈராண்டுக் கணக்கைக் கையால் மீண்டும் எழுதினர். பங்கு ஈவு அவ்வாண்டு காலந்தாழ்ந்தே கிடைத்தது. பொறுத்திருந்தவர்கள் அங்கத்தினர்கள்.

இணையம் எனும் பொதுச்சாலை

நம் ஊர் வழியே செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை யாருக்கும் தனியுடைமை அன்று. அதில் ஓடும் லாரிகள் தனியாருடையவை. இணையமும் அத்தகையதே. அதன் போக்குவரத்து விதிகள் எல்லார்க்கும் வெளிப்படையானவை. 1993 ஏப்ரல் 30-இல் ஐரோப்பிய அணு ஆய்வு நிலையமான செர்ன், வலையமைப்பு மென்பொருளை விலையின்றி உலகுக்கு அளித்தது. 1995 ஆகஸ்டு 15-இல் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியது. சாலை பொதுவாக இருந்தமையால்தான் அதன் ஓரத்தில் இத்தனை கடைகள் முளைத்தன. கடைக்காரர் சாலைக்கே சுங்கம் வைக்காதபடி காப்பது நம் கடமை.

காவல் பற்றியும் ஒரு சொல். திறந்த வரைபடத்தைத் திருடனும் பார்ப்பான் என்பர். 2024 மார்ச்சில் எக்ஸ்-ஸெட் என்னும் சிறு திறமூல மென்பொருளில் ஒருவர் இரகசியக் கதவு வைத்தது உண்மை. அது திறந்திருந்தமையால், சிறு தாமதத்தைக் கவனித்த பொறியாளர் ஒருவர் உள்ளே நோக்கி அதனைப் பரவுமுன் கண்டுபிடித்தார். அதே ஆண்டு ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் என்னும் வணிக நிறுவனத்தின் பிழையான ஒரு திருத்தத்தால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் பொறிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணச் சீட்டைக் கையால் எழுதினர். இரு வகையிலும் பிழை நேரும். ஆனால் எக்ஸ்-ஸெட் மென்பொருளைக் காத்துவந்தவர் ஏறத்தாழத் தனியொருவர் என்பதை நினைக்க வேண்டும். எல்லாரும் பயன்பெற்று ஒருவரே உழைக்கும் பொதுச்சொத்து, அங்கத்தினர் வாராத பேரவைக் கூட்டத்தை ஒக்கும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

2022 ஜூன் 29-இல் ஒன்றிய அமைச்சரவை, 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களை ரூ.2,516 கோடியில் ஒரே பொது மென்பொருளின்கீழ்க் கொணரும் திட்டத்தை ஏற்றது. அத்திட்டம் கடன் சங்கங்களுக்கானது. நெசவாளர் சங்கங்களும் பிற சிறு சங்கங்களும் தம் மென்பொருளைத் தாமே தேர்ந்துகொள்ள வேண்டியுள்ளன. அவை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை இவை:

1. கட்டணம் நின்றாலும் நம் கணக்கைத் திறந்து பார்க்க முடியுமா?
2. கணக்கு முழுவதையும் வேறு மென்பொருள் படிக்கத்தக்க பொதுவடிவில் எடுத்துக்கொள்ள முடியுமா?
3. விற்பவர் தொழிலை விட்டால் மூலநிரல் யாரிடம் இருக்கும்?
4. ஐந்தாண்டுகளில் பயிற்சி, பராமரிப்பு, புதுப்பித்தல் அனைத்தும் சேர்ந்து மொத்தச் செலவு என்ன?
5. ஒருங்குறித் தமிழில் பற்றுச்சீட்டு வருமா?

இவ்வைந்திற்கும் திருப்தியான விடை தருவது வணிக மென்பொருளாயினும் அதனை வாங்கலாம். விடை தாராதது இலவசமாயினும் வேண்டாம். பழைய பொறிகளுக்குப் பாஸ் முதலிய திறமூல இயங்குதளத்தை முதலில் ஒரே பொறியில் நிறுவி, கடிதம் எழுதுதல், பட்டியல் இடுதல் ஆகிய சிறு வேலைகளில் மூன்று மாதம் பழகிப் பார்க்கலாம். அண்டைச் சங்கங்கள் நான்கைந்து கூடி, பயிற்சி பெற்ற ஓர் இளைஞரைப் பொதுவில் அமர்த்திக்கொண்டால் செலவு பங்கிடப்படும். கூட்டுறவு என்பது இதுதானே!

திருட்டுப் பிரதிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்கலாகாது. அறிந்தே அவற்றைப் பயன்படுத்துவோர்க்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு சிறையும் தண்டமும் விதிக்கிறது. தக்க திறமூல மென்பொருள் விலையின்றிக் கிடைக்கும்போது, பிறர் பொருளைக் களவாடிச் சங்கத்தின் பெயரைக் கெடுப்பானேன்?

அடுத்த பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும்போது, அங்கத்தினர் ஒருவரேனும் எழுந்து, நம் கணக்கு எந்த மென்பொருளில் உள்ளது, அதன் நகல் எங்கே உள்ளது, அதனைத் திறக்கும் உரிமை யாருக்கு என்று கேட்பாராக. செயலாளர் அதற்கு விடையுடன் வருவாராக.