ஒரே ராத்திரியில் இத்தனை கனவா?



"நேத்து ராத்திரி முதல்ல பாம்பு வந்திச்சு. பிறகு பல் விழுந்திச்சு. விடியிற நேரம் செத்துப்போன அம்மா வந்து தேத்தண்ணி கேட்டாங்க." பிரட்டுக் களத்தில் இப்படிப் பேசிக்கொள்வது புதிதல்ல. ஒரே ராத்திரியில் பல கனவு வந்தால் என்னமோ நடக்கப் போகுது என்று பயந்து, சம்பளக் காசில் குறி கேட்கப் போகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே கனவு எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். தூங்குகிறவரின் மூடிய கண்ணுக்குள் விழி வேகமாக ஓடும் நேரங்கள் உண்டு. அந்த நேரத்தில் தட்டி எழுப்பினால் அநேகமானோர் கனவு கண்டதாகச் சொல்லுகிறார்கள். இந்த நேரம் ஏறக்குறைய 90 நிமிஷத்துக்கு ஒரு தரம் வரும். ஒரு ராத்திரியில் நாலைந்து தரம். முதல் தடவை சில நிமிஷம்தான். விடியப்போகும்போது அரை மணித்தியாலம்கூட நீளும்.

ஆகவே பல கனவு காண்பது எல்லாருக்கும் உள்ளதுதான். இடையில் விழித்தால்தான் ஞாபகம் நிற்கும். விடியற்காலக் கனவிலிருந்து நேரே எழும்புவதால் அது தெளிவாக நிற்கிறது. தெளிவாக நின்றதால் பலிக்கும் என்று அர்த்தமில்லை.

கனவு நேரத்தில் கை கால் தளர்ந்து கிடக்கும். உடம்பு எழும்ப முன் புத்தி விழித்துக்கொண்டால் அசைய முடியாது, நெஞ்சை அமுக்குவது போல இருக்கும். "பேய் அமுக்கிச்சு" என்பது இதைத்தான். கொஞ்ச நேரத்தில் தானாக விட்டுவிடும்.

சில கனவு மட்டும் திரும்பத் திரும்ப வரும். நான் பிறந்தது கல்முனைப் பக்கம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் உயிர் போனது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுவதும் அழிவு. தப்பியவர்களுக்குக் கடல் கனவிலும் வந்தது. பட்ட பயத்தை மனசு ராத்திரியிலும் விடுவதில்லை. அது பைத்தியமும் இல்லை, செய்வினையும் இல்லை.

மலையகத்திலும் இதே கதைதான். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அதைக் கண்டவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் மழை ராத்திரியில் மண் இறங்கும் கனவு வருவது அதிசயமில்லை. ஆனால் ஒன்று: ஆபத்தைக் கனவில் தேடாதீர்கள், நிலத்தில் பாருங்கள். தரையிலும் சுவரிலும் புது வெடிப்பு, மரம் சாய்வது, திடீரென்று கலங்கிய ஊற்று, இவைதான் எச்சரிக்கை. கண்டால் கனவு வராவிட்டாலும் பிள்ளைகளோடு உடனே வெளியேறுங்கள்.

கெட்ட கனவு தொல்லை தந்தால் செய்யவேண்டியவை:

1. கண்டவர்களிடம் பலன் கேட்டு அலையாதீர்கள். கெட்ட கனவை யாருக்கும் சொல்லாமல் இறைவனிடம் பாதுகாப்புத் தேடி, மறுபக்கம் திரும்பிப் படுக்கும்படி நபிமொழியில் இருக்கிறது. எங்கள் ஊரில் உம்மாமார் பிள்ளைக்குச் சொல்வதும் அதுதான். ஆனால் பயந்து அழும் பிள்ளையைப் பேசவிட்டு அணைத்துக்கொள்ளுங்கள், ஏசாதீர்கள்.

2. சாராயம் குடித்துத் தூங்கினால் முன்ராத்திரியில் கனவுத் தூக்கம் குறையும், பின்ராத்திரியில் கூடும். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் பயங்கரக் கனவு வரும். கை நடுக்கமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வைத்தியரைக் கேட்டு நிறுத்துங்கள்.

3. காய்ச்சலும் சில பிரஷர் மாத்திரையும் கனவைக் கூட்டும். மாத்திரையை நீங்களாக விடாதீர்கள், கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

4. ஒரே கனவு திரும்ப வந்தால், பகலில் அமைதியாக உட்கார்ந்து அதன் முடிவை மாற்றி நினையுங்கள். துரத்துகிற தண்ணீர் வற்றுகிறது, நீங்கள் மேட்டில் நிற்கிறீர்கள். தினமும் பத்து நிமிஷம் பழகினால் பலருக்குக் குறைகிறது. வைத்தியர்களும் சொல்லும் முறை இது.

5. ஒரு மாசத்துக்கு மேல் தூக்கம் கெட்டால், வேலைக்குப் போக முடியாவிட்டால், உயிரை விடும் எண்ணம் வந்தால், தோட்ட டிஸ்பென்சரியிலோ ஆஸ்பத்திரியிலோ சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் பேசலாம்.

கனவு எல்லாருக்கும் வரும். தாயத்துக்குக் கொடுக்கும் காசை ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸுக்குக் கொடுங்கள்.