கணக்கறிந்த கற்பனை

பினாங்கு ஜார்ஜ் டவுனின் அடுக்குமாடி வீடுகளை அண்ணாந்து பார்ப்போர், வரிசை வரிசையாக ஆஸ்ட்ரோ தட்டுகளைக் காண்பர். அவை யாவும் வானில் ஒரே இடத்தை நோக்குகின்றன. ஞாயிறும் திங்களும் விண்மீன்களும் இடம் பெயர்கின்றன. இத்தட்டுகளோ இரவும் பகலும் திரும்புவதில்லை. அங்ஙனமாயின், வானில் அசையாது நிற்கும் பொருள் யாது? அத்தகைய பொருள் ஒன்று உண்டாவதற்கு முன்பே இவ்வினாவிற்கு விடை எழுதியவர் ஒரு கதையாசிரியர். ஆர்தர் சி. கிளார்க் என்பது அவர் பெயர்.

அவர் 1917 டிசம்பர் 16ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள மைன்ஹெட் என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். அறிவியற்கதை இதழ்களைத் தேடிப் படித்தார். தாமே தொலைநோக்கி செய்து நிலவின் படமும் வரைந்தார். 1936இல் இலண்டன் சென்று, கல்வித்துறையில் ஓய்வூதியக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பணியில் அமர்ந்தார். போர்க்காலத்தில் வான்படையில் சேர்ந்து இராடார் தொழில் கற்றார். போர் முடிந்த பின்னரே கல்லூரியில் பயின்று, 1948இல் கணிதத்திலும் இயற்பியலிலும் முதல் வகுப்பில் தேறினார்.

பட்டம் பெறுமுன்பே, 1945 அக்டோபரில், 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதன் அடிப்படை எளியது. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் உலகை வலம் வரும். 3,84,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திங்களுக்கோ 27 நாட்களுக்கு மேலாகிறது. தொலைவு கூடக் கூடக் காலமும் கூடுமெனின், இடையே ஓரிடத்தில் சரியாக ஒரு நாள் ஆக வேண்டுமன்றோ? அவ்விடம் நிலநடுக்கோட்டிற்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. உலகம் சுழலும் திசையிலேயே அங்குச் சுற்றும் கோள், நமக்கு அசையாததாகவே தோன்றும். அத்தகைய நிலையங்கள் மூன்று, சம இடைவெளியில் நின்றால் உலகெங்கும் ஒலிபரப்பலாம். அப்பாதையை வேறு சிலர் முன்னரே அறிந்திருந்தனர். உலக ஒலிபரப்பிற்கு அது பயன்படும் என விளக்கிக் காட்டியதே கிளார்க்கின் தொண்டு.

அவர் கணக்குப் பிழைக்கவில்லை. கருவி பற்றிய எண்ணமே பிழைத்தது. அக்கால வானொலிக் கருவிகளின் வெற்றிடக் குழாய்கள் அடிக்கடி பழுதுபடும். ஆகவே அந்நிலையங்களில் மனிதர் தங்கிப் பணியாற்றுவர் என்றே அவர் கருதினார். டிரான்சிஸ்டர் அத்தேவையை நீக்கிற்று. 1964இல் ஆளில்லாத சின்காம்-3 அவ்வுயரத்தில் நின்று, டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளை அமெரிக்காவிற்கு அனுப்பியது. மலேசியாவின் மீசாட்-1 துணைக்கோள் 1996இல் ஏவப்பட்டது. தம் கருத்திற்குக் கிளார்க் காப்புரிமை பெறவில்லை. அதனால் இழந்த பெருஞ்செல்வத்தைப் பற்றிப் பின்னாளில் நகைச்சுவையாகவே எழுதினார்.

1956இல் அவர் இலங்கையில் குடியேறினார். கடலில் மூழ்குவோர் எடையற்று மிதக்கும் நிலை விண்வெளியை ஒத்தது என்பது அவர் எண்ணம். அவ்வாண்டு அவர் தோழர் மைக் வில்சன், திருகோணமலைச் சுவாமி மலையடிக் கடலில், போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த கோணேசர் கோயிலின் கற்களைக் கண்டார். ஞானசம்பந்தர் பாடிய அத்தலத்தின் செய்தியைக் கிளார்க் 1957இல் நூலாக வெளியிட்டார்.

1979இல் வெளிவந்த 'தி பவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' என்னும் புதினத்தில், தரையிலிருந்து அசையாக்கோளின் உயரத்திற்குச் செல்லும் மின்தூக்கி ஒன்றைப் படைத்தார். அதன் வடம் நிலநடுக்கோட்டில் ஊன்றப்பட வேண்டும். கதை நிகழும் தீவோ இலங்கையின் சாயல். இலங்கை அக்கோட்டிற்கு வடக்கே உள்ளது. கிளார்க் என் செய்தார்? கதைக்காகக் கணக்கை வளைக்கவில்லை. கணக்கிற்காகத் தீவையே தெற்கே நகர்த்தினார். அதனை வாசகர்க்கு மறைக்கவுமில்லை.

2008 மார்ச் 19ஆம் நாள் அவர் கொழும்பில் மறைந்தார். அசையாக்கோள்களின் பாதை இன்று அவர் பெயராலும் வழங்குகிறது. வகுப்பில் ஒரு மாணவன், "வானத்தில் நகராத நிலா ஒன்று வைக்கலாமா?" என்று கேட்பானாயின், வீண் கனவு என்று அவனை அடக்குதல் தகாது. "எவ்வளவு உயரத்தில் வைப்பாய்?" என்று கேட்பதே ஆசிரியர்க்கு அழகு.