நெருப்பில்லாமல் புகையுமா?

சென்ற வாரம் புளியந்தோப்புப் பக்கம், மழைக்கு ஒதுங்கி ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். உள்ளே பலத்த விவாதம். தேர்தலா? இல்லை. விலைவாசியா? அதுவும் இல்லை. எண்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கொலை வழக்கு! பாகவதர் செய்தாரா, செய்யவில்லையா? கலைவாணருக்கு அதில் கையுண்டா, இல்லையா?

"நெருப்பில்லாம புகையுமா? வெள்ளைக்காரன் என்ன, சும்மாவா புடிச்சு உள்ள போட்டான்?" என்றார் ஒருவர்.

"லண்டன் வரைக்கும் போய் நிரபராதின்னு வாங்கியாந்துட்டாங்க. அப்புறம் என்னய்யா பேச்சு?" என்றார் இன்னொருவர்.

வழக்கு முடிந்தபோது அந்த இருவரில் எவரும் பிறந்திருக்கவே மாட்டார்கள். ஆனால் கண்ணால் கண்டவர்களைப் போலத்தான் பேசினார்கள்! தோழர்களே, அந்த இரண்டு பேச்சிலும் கோளாறு இருக்கிறது. அதைச் சற்றுச் சொல்ல விரும்புகிறோம்.

1944-ஆம் ஆண்டு தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளிவந்தது. தியாகராஜ பாகவதர் புகழின் உச்சியில் இருந்த நேரம். அவர் தலைமுடியைப் பார்த்து ஊரே கிராப்பு வைத்துக்கொண்ட காலம். நகைச்சுவை மன்னர் என்.எஸ். கிருஷ்ணனோ, சிரிக்க வைத்துக்கொண்டே மூடத்தனத்தின் முதுகெலும்பை முறித்து வந்தார். தீபாவளி முடிந்து மூன்று வாரம். நவம்பர் 8-ஆம் நாள், சென்னை வேப்பேரியில், கைரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்த ஒருவரை வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. அவர்தான் சி.என். இலட்சுமிகாந்தன்; 'இந்து நேசன்' என்ற ஏட்டை நடத்தியவர்.

எப்படிப்பட்ட ஏடு அது? நடிகர், நடிகையர், பணக்காரர் ஆகியோரின் படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்து எழுதிய ஏடு. அதற்கு முன்பு அவர் நடத்திய 'சினிமா தூது' ஏட்டின் உரிமத்தை, திரையுலகத்தாரின் முறையீட்டின் பேரில் கவர்னர் ரத்து செய்தார். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த ஏட்டை நடிகர்களா வாங்கினார்கள்? நம் வீட்டுத் தாத்தாக்கள் வாங்கினார்கள்! வாங்கிப் படித்தார்கள், மடித்து மறைத்தார்கள், மறுவாரமும் வாங்கினார்கள். குத்துண்டு மாண்டவரை இன்றும் பலர் 'அவன்' என்றே பேசுகிறார்கள். இழிவான ஏட்டை நடத்தியவர் என்றாலும் அவர் உயிரும் உயிர்தான். 'செத்தது நல்லதே' என்ற பேச்சை நாம் ஏற்பதற்கில்லை.

டிசம்பரில் பாகவதரும் கலைவாணரும் கைதாயினர். பட முதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும் பிடிபட்டார், பின்னர் விடுவிக்கப்பட்டார். பணம் கொடுத்து ஆள் ஏவினார்கள், சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பாகவதரோ கலைவாணரோ கத்தியைத் தொட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. குற்றவாளிகளில் ஒருவராகச் சேர்க்கப்பட்டு, பின்பு அப்ரூவராக மாறிய ஒருவர் இருந்தார். அவர் சொன்ன சொல் அரசுத் தரப்புக்கு ஊன்றுகோலாயிற்று. தன் கழுத்துக்குத் தப்பிய கயிற்றைப் பிறர் கழுத்தில் மாட்டுகிறவரின் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம்? படித்த நீதிபதிகளே மயங்கும் கேள்வி அது.

உயர்நீதிமன்ற செஷன்சில், ஜூரிகள் முன்பு விசாரணை. ஒன்பது ஜூரிகள். 1945 மே மாதம் அவர்கள் கூறிய முடிவு என்ன? ஆறு பேர் 'குற்றவாளி' என்றார்கள். மூன்று பேர் 'இல்லை' என்றார்கள். கவனியுங்கள்! சாட்சி அத்தனையையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே காதால் கேட்டவர்கள். அவர்களிலேயே மூவர் நம்பவில்லை. ஆயினும் ஆறு பெரிது, மூன்று சிறிது. பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை!

'வெள்ளைக்காரன் சும்மாவா பிடிப்பான்' என்று கேட்கும் தோழர் அந்த மூவரை நினைத்துப் பார்க்கட்டும்.

சென்னையில் செய்த முதல் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. பிறகு கடல் கடந்து, லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார்கள். அங்கே நடந்ததைத்தான் நம் மற்றத் தோழர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். 'இவர்கள் நிரபராதிகள், விட்டுவிடுங்கள்' என்று பிரிவி கவுன்சில் சொல்லவில்லை. மேல்முறையீட்டை முறைப்படி மீண்டும் விசாரியுங்கள் என்று சென்னைக்கே திருப்பி அனுப்பியது. மறுபடியும் இங்கே இரண்டு நீதிபதிகள் சாட்சியங்களை நிறுத்துப் பார்த்தார்கள். எடை குறைந்தது. 1947 ஏப்ரலில் சிறைக் கதவு திறந்தது. நாடு விடுதலை பெற நான்கு மாதம் இருந்தது.

ஆக, விடுவித்தது லண்டன் அல்ல, சென்னை. அதே நீதிமன்றம், அதே சட்டம், அதே சாட்சியம்! ஒரு முறை ஆயுள் தண்டனை, மறுமுறை விடுதலை. இடையில் கழிந்த இரண்டாண்டுக்கு மேற்பட்ட காலத்தைத் திருப்பித் தர எந்தத் தீர்ப்பில் இடமிருக்கிறது?

அந்தக் காலத்தில் சென்னை பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று தீபாவளி கண்ட படம்! படத்தில் இருந்தவர் சிறையில், பார்த்தவர்கள் வெளியில். உள்ளே அவர் பாட்டுக்கு உருகினார்கள். வெளியே வந்து அவர் குற்றத்தைப் பற்றி வாதிட்டார்கள். 'எங்கள் பாகவதர் அப்படிச் செய்வாரா?' என்று ஒரு சாரார். 'பணத்திமிர், எதையும் செய்யும்' என்று ஒரு சாரார். இரண்டிலும் சாட்சியம் எங்கே? குரல் இனிமையாக இருந்தால் கொலை செய்யமாட்டார் என்பது எந்தச் சட்டம்? காசு இருந்தால் கட்டாயம் செய்திருப்பார் என்பது எந்த நியாயம்?

நம்மையே நாம் கேட்டுக்கொள்ளவும் வேண்டும். கலைவாணர் நம்மவர். 'கிந்தனார்' கதை சொல்லிச் சாதி வெறியரைச் சந்தி சிரிக்க வைத்தவர். விடுதலையாகி வந்த பிறகு அண்ணா எழுதிக் கொடுக்க 'நல்லதம்பி' எடுத்தவர். கலைஞரின் எழுத்தில் 'பணம்' தந்தவர். அவர் சிறையில் இருந்தபோது கே.ஆர். ராமசாமி, கிருஷ்ணன் பெயராலேயே நாடக சபை நடத்தினார். அம்மையார் மதுரம் வழக்குக்காக அலைந்த அலைச்சல் கொஞ்சமா! ஆகவே அவர் குற்றமற்றவர் என்று நாம் சொன்னால், பாசம் பேசுகிறது என்று மாற்றார் சொல்வார்கள். சொல்லட்டும். அவர் நம்மவர் என்பதற்காக நாம் அப்படிச் சொல்லவில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, அதனால் சொல்கிறோம். நமக்கு ஆகாதவர் அந்தக் கூண்டில் நின்றிருந்தாலும் இதையே சொல்லியாக வேண்டும். அது எளிதல்ல என்பதும் தெரியும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? ஆலை வாசலில் வேலைநிறுத்தம். கல் விழுகிறது. யார் எறிந்தது என்று தெரியாது. சங்கத்தில் முன்னே நின்ற நான்கு பேரைப் போலீஸ் வேனில் ஏற்றுகிறது. மறுநாள் தெருவில் என்ன பேச்சு? 'நெருப்பில்லாமல் புகையுமா? சும்மாவா பிடிப்பான்?' அதே வார்த்தை! அந்தத் தொழிலாளியின் மனைவி தண்ணீர்க் குழாயடியில் தலை நிமிர முடியாது. மகளுக்குப் பார்த்த வரன் தட்டிப் போகும். இன்று இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் தீர்ப்பே கூறப்படாத விசாரணைக் கைதிகள். அவர்களில் ஜாமீனுக்கு ஆள் கிடைக்காதவர் எத்தனை பேர்! பாகவதருக்கு லண்டன் வரை வக்கீல் வைக்கப் பணம் இருந்தது. அப்படியிருந்தும் இரண்டாண்டுக்கு மேல் போயிற்று. பணமில்லாதவனுக்கு?

வெளியே வந்த பாகவதர் எடுத்த படத்தின் பெயர் 'ராஜமுக்தி'. 1948-இல் வந்தது, ஓடவில்லை. முக்தி கிடைத்தது, ராஜாங்கம் போய்விட்டது. 1959 நவம்பரில் காலமானார். கலைவாணர் மீண்டும் சிரிக்க வைத்தார். வாரி வாரிக் கொடுத்தார். 1957 ஆகஸ்டில் 49 வயதுக்குள் மறைந்தார். சிறையிலிருந்து வந்த நாள் முதல் சாகும் நாள் வரை, அவர்களைப் பார்த்தவர் கண்ணில் எல்லாம் அந்தக் கேள்வி இருந்திருக்காதா?

நாம் கண்டவரை இவற்றையெல்லாம் அந்தக் கடையில் சொன்னோம். இருவரும் கேட்டார்கள். மூலையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், அதுவரை வாய் திறக்காதவர், மெதுவாகக் கேட்டார்: "அது சரி தம்பி. அப்ப அந்த ரிக்ஷாவுல போன மனுசனைக் கொன்னது யாரு?"

நம்மிடம் விடை இல்லை. மழை விட்டிருந்தது. தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம்.