பதினான்கு வயதில் நின்றுபோன சிறுவனுக்கான காத்திருப்பு

2021 மார்ச் 8ஆம் திகதி ஜப்பானியத் திரையரங்குகளில் எவாஞ்சலியன் அனிமேஷன் பட வரிசையின் நான்காவதும் இறுதியுமான திரைப்படம் வெளியானது. முந்தைய படம் வந்தது 2012 நவம்பரில். 2020 ஜூனில் வரவிருந்த இந்தப் படம் கொரோனாவால் தள்ளிப்போனது. பின்னர் 2021 ஜனவரி 23 என அறிவிக்கப்பட்டது. டோக்கியோவிலும் அயல் மாகாணங்களிலும் அவசரகால நிலை மீண்டும் பிரகடனப்படுத்தப்பட, இரண்டாவது தடவையும் தள்ளிவைக்கப்பட்டது.

ஒரு கார்ட்டூன் படத்துக்கு இவ்வளவு எதிர்பார்ப்பா என்று நண்பர் ஒருவர் கேட்டார்.

1995 ஒக்டோபரில் தொலைக்காட்சித் தொடராகத் தொடங்கிய கதை இது. இனந்தெரியாத இராட்சத உயிர்கள் நகரைத் தாக்குகின்றன. அவற்றை எதிர்க்கும் பேருருவ இயந்திரங்களைப் பதினான்கு வயதுச் சிறுவர்களே இயக்க வேண்டும். ஷின்ஜியை அவனது தந்தை நீண்ட காலத்தின் பின் அழைப்பது பாசத்தால் அல்ல, அந்த இயந்திரத்தில் ஏற்றுவதற்காக. அவன் மறுக்கிறான். உடனே காயம்பட்ட ஒரு சிறுமியை அவனுக்குப் பதிலாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அதைப் பார்த்த பிறகு அவன் ஏறுகிறான்.

ஊடகக் கற்கை படித்த காலத்தில் விடுதி அறையொன்றில் இந்தக் காட்சியை முதன்முதலாகப் பார்த்தேன். போர் முடிந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அறையில் இருந்த யாரும் பேசவில்லை. பாடசாலை வயதில் போருக்குப் போன ஒருவரையாவது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2012ஆம் ஆண்டுப் படம் இன்னும் கடுமையானது. ஷின்ஜி கண்விழிக்கும்போது பதினான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன. உலகம் சிதைந்து கிடக்கிறது. அவன் செய்த செயலே அதற்குக் காரணம் என்கிறார்கள். முன்பு அவனை அனுப்பியவர்களே இப்போது அவன் கழுத்தில் வெடிபொருள் பட்டியை மாட்டுகிறார்கள். நடந்ததை யாரும் விளக்குவதில்லை. சக நண்பர்கள் வளர்ந்துவிட்டார்கள். இயந்திரம் ஓட்டிய சிறுவர்களுக்கு மட்டும் வயது ஏறவில்லை.

இயக்குநர் ஹிடேயாகி அன்னோ இந்தக் கதையை முடிக்க முயன்றது அது முதற்தடவை அல்ல. தொடரின் இறுதி அத்தியாயங்கள் 1996இல் பலரை ஏமாற்றின. 1997இல் திரைப்படமாக வேறொரு முடிவைத் தந்தார். 2012 படத்தின் பின் தான் மனச்சோர்வில் வீழ்ந்ததை அவரே பகிரங்கமாக எழுதினார். 2016இல் கொட்ஸிலா படமொன்றை எடுத்துவிட்டே இதற்குத் திரும்பினார். தாமதத்துக்குக் கொரோனா மட்டும் காரணமல்ல.

எனது எதிர்பார்ப்பு இராட்சதர்களின் சண்டையில் இருக்கவில்லை. பெரியவர்கள் தொடங்கிய போரில் ஏற்றிவிடப்பட்ட பிள்ளை, அதிலிருந்து இறங்கியபின் எப்படி வாழ்வது? யார் அவனோடு இருந்து பேசுவது? எங்களிடம் போர் முடிந்து 2021 மே மாதத்துடன் பன்னிரண்டு ஆண்டுகள். திரும்பி வந்தவர்களிடம் நாங்கள் இன்னும் இதைப் பேசத் தொடங்கவில்லை. எங்கோ ஒரு நாட்டில், ஒருவர் இருபத்தைந்து ஆண்டுகளாக இதற்குப் பதில் தேடினார். அவர் எங்கே வந்து சேர்ந்திருக்கிறார் என்று பார்க்கவே காத்திருந்தேன்.