சொல்லறியும் கடல் உயிர்கள்

கொல்லிமலையின் அடுக்கு வயல்களில் ஏர் ஓட்டும் உழவர் ஒரு குரல் கொடுத்தால் காளை திரும்புகிறது; மறு குரலுக்கு நிற்கிறது. அம்மலைக்கும் கடலுக்கும் வெகுதூரம். ஆயினும் மனிதனின் கட்டளைக்குச் செவிசாய்க்கும் உயிரினங்களை வல்ல அல்லாஹ் கடலிலும் படைத்திருக்கின்றான். ஓங்கில் எனப்படும் டால்பின், தனிச் சொல்லை மட்டுமன்றிச் சொற்களின் வரிசையையும் அறிகிறது என்பது வியப்பன்றோ!

ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு நகரில், லூயிஸ் ஹெர்மன் என்னும் அறிஞர் ஃபீனிக்ஸ், அகேயாகமாய் என்னும் இரு டால்பின்களுக்குப் பாடம் கற்பித்தார். அவ்வாய்வின் விரிவான முடிவுகள் 1984இல் வெளியாயின. ஃபீனிக்ஸுக்குக் கணிப்பொறி எழுப்பிய ஒலிகளே சொற்கள். நீருக்கடியில் வைத்த ஒலிபெருக்கியின் வழியே அவற்றைக் கேட்டது. அகேயாகமாய்க்கோ கைச்சைகைகளே சொற்கள். அதற்குக் கற்பித்த மொழியில், நம் தமிழைப் போலவே வினைச்சொல் இறுதியில் வரும். 'மனிதர், பலகை, கொண்டு செல்' என்று காட்டினால் பலகையை மனிதரிடம் சேர்க்க வேண்டும். 'பலகை, மனிதர், கொண்டு செல்' என்றால் மனிதரைப் பலகையிடம் சேர்க்க வேண்டும். சொற்கள் அவையே, வரிசைதான் வேறு. அந்த வேறுபாட்டை உணர்ந்து அது செயல்பட்டது. முன்பு கண்டிராத புதிய வாக்கியங்களையும் பெரும்பாலும் சரியாகவே நிறைவேற்றியது.

வாயால் சொன்னால் ஆகாதா? காற்றில் எழும் குரலின் மிகப் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். மேலும், நம் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். டால்பினோ ஏறத்தாழ 1,50,000 வரை கேட்கும். ஆகவே பயிற்சியாளர்கள் கைச்சைகையையும் ஊதலையும் மிகுதியாக நம்புகின்றனர். டால்பின்களுக்குள்ளும் ஒவ்வொன்றுக்கும் தனிச் சீழ்க்கை ஒலி உண்டு. அதே ஒலியை ஒலிபரப்பினால், பெயர் சொல்லி அழைத்ததுபோல் மறுமொழி தருவதை ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டனர்.

பேசுவது வேறு, புரிந்துகொள்வது வேறு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் காட்சியகத்தில் 1985 வரை வாழ்ந்த ஹூவர் என்னும் கடல்நாய் ஆங்கிலச் சொற்களைக் கரகரத்த குரலில் ஒலித்தது. அது கிளிப்பிள்ளைப் பேச்சே. அகேயாகமாய் பேசவில்லை, ஆனால் புரிந்துகொண்டது.

ஸுலைமான் (அலை) அவர்களுக்குப் பறவைகளின் மொழி கற்பிக்கப்பட்டதையும், எறும்பின் பேச்சைக் கேட்டு அவர்கள் புன்னகைத்ததையும் திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அது இறைவன் அளித்த அற்புதம். நமக்குக் கிடைத்திருப்பது ஆய்வறிவின் சிறு துளியே. அத்துளியை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்?

கட்டளையைப் புரிந்துகொள்ளும் ஆற்றலே டால்பினைச் சிறைக்கு இழுத்துச் சென்றது. மீன் துண்டைக் காட்டி வளையம் தாண்டச் செய்யும் காட்சிக்கூடங்கள் பல நாடுகளில் தோன்றின. 1990களின் இறுதியில் சென்னைக்கு அருகே கொண்டுவரப்பட்ட டால்பின்கள் சில மாதங்களிலேயே மடிந்தன. 2013 மே மாதம் இந்திய அரசு இத்தகைய காட்சிக்கூடங்களுக்கு அனுமதி இல்லை என அறிவித்தது.

பட்டினியும் ஓயாத வேலையும் தந்த உரிமையாளரைப் பற்றி ஒட்டகம் ஒன்று நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டதையும், அவரை நபியவர்கள் கண்டித்ததையும் அபூதாவூதில் காண்கிறோம். நம் சொல்லை அறியும் உயிர் நம்மிடம் ஓர் அமானிதம். வெளிநாட்டுப் பயணத்தில் டால்பின் காட்சிக்கு அழைத்துப்போகுமாறு பிள்ளைகள் கேட்டால், இந்த ஒட்டகத்தின் வரலாற்றை முதலில் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவில் அவை கட்டளையின்றித் துள்ளி விளையாடுவதையும் சொல்லுங்கள்.