சின்னப்பன் என்பது லத்தீன் பெயர்… தெரியுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம், காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில், ஒரு டீக்கடை பெஞ்சில் கால்மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டை ஆட ஆட வருகிறவர்களின் பெயர்களை மட்டும் படியுங்கள். விக்டர். அந்தோணி. சின்னப்பன். ஆசீர்வாதம். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு கிளெமென்ட். இந்த ஐந்தில் லத்தீன் பெயர் எத்தனை? "மூணு" என்பீர்கள். ஐந்துமே லத்தீனாக இருக்கலாம்!

சின்னப்பனா? ஆமாம், சின்னப்பனேதான்! விவிலியத்தில் வரும் பவுலைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் பல தலைமுறைகளாகச் 'சின்னப்பர்' என்றுதான் அழைத்தார்கள். லத்தீனில் 'பவுலுஸ்' என்றால் சின்னது, சிறியது. சத்தத்தை அங்கேயே விட்டுவிட்டு அர்த்தத்தை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவந்து, மரியாதைக்கு ஓர் 'அப்பர்' சேர்த்தார்கள். அவ்வளவுதான், பவுல் நம்மூர்க்காரர் ஆகிவிட்டார்! (அதற்காகச் சாண்டோ சின்னப்பா தேவரை ரோமாபுரிக்கு அனுப்பிவிடாதீர்கள். அவர் முருகனுக்குச் சொந்தம். எல்லாச் சின்னப்பாவும் பவுல் ஆகமாட்டார்.)

இன்னொரு வேடிக்கை. தாத்தா பெயரைச் சுமப்பதால்தான் நம்மூரில் பேரன், 'பெயரன்'. தாத்தா சின்னப்பன், பேரனுக்கு ஸ்டைலாக 'பால்' என்று வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். "பழைய பேரை விட்டுட்டாங்களே" என்று கிழவர் முணுமுணுக்க வேண்டியதே இல்லை. வைத்திருப்பது அவர் பெயரைத்தான்!

சிங்கராயர் யார் தெரியுமா? போப் லியோ! லத்தீனில் 'லியோ' என்றால் சிங்கம். 1878 முதல் 1903 வரை போப்பாக இருந்த 13-ம் லியோவைத் தமிழ்ப் புத்தகங்கள் '13-ம் சிங்கராயர்' என்றே எழுதின. அந்தக் கணக்குப்படி 2025 மே மாதம் தேர்வான புதிய போப் 14-ம் சிங்கராயர்! 'பியுஸ்' என்றால் பக்தியுள்ளவர். ஆகவே பயஸ் என்ற போப்புகள் இங்கே பத்திநாதர்கள். 'தொமினுஸ்' என்றால் ஆண்டவர், அதாவது சாமி. ஆகவே புனித டொமினிக் இங்கே சாமிநாதர்! சுவாமிமலைக்கும் ஸ்பெயினுக்கும் இப்படி ஒரு குறுக்குப் பாதை.

ஆனால் எனக்குப் புல்லரித்தது ஆசீர்வாதத்தில்தான். 'பெனெடிக்டுஸ்' என்ற சொல்லைப் பிரித்தால் 'பெனெ', நல்லபடியாக, 'டிக்டுஸ்', சொல்லப்பட்டவர். நம் ஆசீர்வாதத்தைப் பிரியுங்கள்: ஆசி, அதன் பின்னால் 'வாதம்', அதாவது சொல்! இரண்டு மொழியிலும் வாழ்த்து என்பது வாயால் சொல்வதுதான். புனித பெனடிக்டை ஆசீர்வாதப்பர் என்று பெயர்த்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். அமலோற்பவமும் அப்படியே. 'இம்மாகுலாத்தா'வில் 'மாகுலா' என்றால் கறை, முன்னால் ஓர் 'இல்லை'. நம் 'அமல'த்தில் மலம் என்றால் அழுக்கு, முன்னால் ஓர் 'அ'. நகாசுக்காரர் தராசில் வைத்த மாதிரி எடைக்கு எடை!

பேதுரு இராயப்பர் ஆன கதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா, தெலுங்கு காதில் விழாத தெரு இங்கே குறைவு. தெலுங்கில் 'ராயி' என்றால் கல். பேதுரு என்றாலும் கல், பாறை. அந்த ராயிதான் இராயப்பர் ஆனது என்பது வழிவழியாகச் சொல்லும் விளக்கம். கிரேக்கத்தில் பிறந்து, லத்தீனில் 'பெத்ருஸ்' ஆகி, தெலுங்கு வழியாகத் தமிழ்நாட்டில் குடியேறிய பெயர்!

இப்போது பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பஸ்ஸில் ஏறுங்கள். அங்கே மகிமை மாதா கோயில், போர்ச்சுக்கீசியர் 1515-ல் கட்டியதாகச் சொல்வார்கள். அவர்கள் வாய்வழி வந்த பெயரையும் ஆங்கிலேயர் வாய்வழி வந்த பெயரையும் ஒரே எழுத்தில் கண்டுபிடித்துவிடலாம், தெரியுமா? போர்ச்சுக்கீசிய நாக்கில் 'த' உண்டு. அதனால் அந்தோணி, செபஸ்தியான். ஆங்கில நாக்கில் அது 'ட'. அதனால் ஆன்டனி, செபாஸ்டின். கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் கேட்டால் அதே அந்தோணி 'அன்ரன்'! மூன்றுக்கும் மூலம் 'அந்தோனியுஸ்' என்ற பழைய ரோமானியக் குடும்பப் பெயர்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கோட்டையின் பெயர் ஜெல்ட்ரியா. அதுவும் அவர்களுடைய ஒரு மாகாணப் பெயருக்குப் போட்ட லத்தீன் சட்டை! கட்டடத்துக்கு மட்டுமா? அங்கே 1630-களில் பாதிரியாராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியுஸ். பிறந்த பெயர் ரோஜியர். படித்தவர் என்று காட்ட அந்தக் காலத்தில் பெயருக்கு ஒரு 'யுஸ்' வால் ஒட்டிக்கொள்வார்கள். நம்மூரில் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட்ட மாதிரி! பழவேற்காட்டு பிராமணர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டு அவர் எழுதிய புத்தகம் 1651-ல் வெளிவந்தது. பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழிக்கு முதன்முதலில் போனது அதில்தான்.

எதிர்த்திசையிலும் ஒரு ஆள் வந்தார். 1680-ல் இத்தாலியில் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி. 'கொன்ஸ்தான்ஸ்' என்றால் அசையாதவர், உறுதியானவர். தமிழ்நாட்டில் அவர் முதலில் வைத்துக்கொண்ட பெயர் தைரியநாதர். பிறகுதான் வீரமாமுனிவர்!

இன்னும் மூச்சு இருக்கிறதா? மார்ட்டின் என்றால் மார்ஸ் தேவனுக்கு உரியவர், அதாவது செவ்வாய்க்காரர். ஜாதகத்தில் செவ்வாய் என்றால் பதறுகிற ஊரில் எத்தனை மார்ட்டின்! அகஸ்டினும் செபஸ்தியானும் அர்த்தத்தில் ஒன்றுதான்: 'மாட்சிமை மிக்கவர்' என்ற லத்தீன் 'அவுகுஸ்துஸ்' பட்டத்தைக் கிரேக்கர்கள் 'செபாஸ்தோஸ்' என்று பெயர்த்தார்கள். சில்வா என்றால் காடு. ஆக பழவேற்காட்டுக்குள்ளும் ஒரு சில்வா! லத்தீன் என்று நீங்கள் சத்தியம் செய்யக்கூடிய சேவியர் மட்டும் லத்தீனே இல்லை. பாஸ்க் மொழியில் அதற்குப் 'புதுவீடு' என்று பொருள். நம் சவரிமுத்துவும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

கடைசியாக ஸ்டெல்லா. லத்தீனில் நட்சத்திரம்; 'ஸ்டெல்லா மாரிஸ்' என்றால் கடல் நட்சத்திரம், மாதாவின் பட்டம். சென்னையில் 1947-ல் தொடங்கிய கல்லூரியின் பெயரும் அதுவே. ஆனால் 4-ம் நூற்றாண்டுப் புனிதர் ஜெரோம், மரியா என்ற பெயருக்குப் பொருள் சொல்லும்போது எழுதியது 'ஸ்டில்லா மாரிஸ்', கடல் துளி! ஏடு பார்த்து எழுதிய எவரோ ஓர் எழுத்தில் கை தவறி, 'இ' போய் 'எ' வந்து, துளி நட்சத்திரம் ஆகிவிட்டது என்பது அறிஞர்களின் விளக்கம். அடுத்த முறை பழவேற்காட்டில் மீன் வாங்கப் போய், "ஸ்டெல்லாக்கா, இறால் என்ன விலை?" என்று கேட்கிறபோது, நீங்கள் விலை கேட்பது கடல் துளி அக்காவிடம்!